மாப்பிள்ளை முள்ளுக்கத்தரி

அறுபதுகளின் நடுவில் சிங்கப்பூர்த் தேக்கா மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனவர்களுக்கு முத்தாயிக் கத்தரியைத் தெரியாமல் இருக்காது. ஊதா உடம்பில் வெள்ளைக் கீற்று ஓடிய, உள்ளங்கைக்குள் அடங்கும் காய். எண்ணெயில் போட்டால் குழையாது, புளியில் போட்டால் கரையாது. "முத்தாயிது இருக்கா?" என்று கேட்டு, இல்லை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெண்டைக்காய்ப் பக்கம் போன வீட்டுக்காரிகள் எத்தனையோ பேர். அந்த முத்தாயி யார், எந்த ஊர் மகாராணி என்று கேட்டவர்கள்தான் குறைவு. கூடைகளுக்கு நடுவே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று தவித்து நிற்பாளே, அவள்தான்.

முத்தாயி பிறந்தது தஞ்சோங் பகாரில், துறைமுகத் தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பா கப்பல் சுமை தூக்கியவர். மண்ணென்றால் காலில் ஒட்டுவது, கழுவ வேண்டியது என்ற அளவில்தான் அவளுக்கு அதோடு பழக்கம். கல்யாணம் அவளைக் கொண்டுபோய்ப் புக்கிட் பாஞ்சாங் கம்பத்தில் இறக்கிவிட்டது. கம்பம் என்றால் அங்கே கிராமம். கணவன் மாணிக்கம் அங்கே ஒரு சீன முதலாளியின் நிலத்தை, விளைச்சலில் பங்கு தருவதாக, வாரத்துக்கு எடுத்துக் காய்கறி போட்டுக்கொண்டிருந்தான். முதலாளியைக் கம்பத்தில் எல்லாரும் தவுக்கே என்பார்கள். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட அவர்களுடைய வீடும் தவுக்கேயின் நிலத்தில்தான் நின்றது. நிலம் போனால் வீடும் போகும்.

மாணிக்கம் எல்லாக் காயும் போடுவான். ஆனால் கத்தரியைத்தான் பயிர் என்பான், மற்றதெல்லாம் அவனுக்குக் கீரை. அந்தக் கீற்றுக் கத்தரிதான் அவனைத் தேக்காவில் நாலு பேருக்குத் தெரிந்த ஆளாக வைத்திருந்தது. தவுக்கேவுக்கும் அந்தக் காய்மேல்தான் கண்.

முத்தாயிக்கு வேறொரு வேலையும் இருந்தது. மண்டாய் சாலையில் மிசஸ் டான் என்ற அம்மாள் ஓர் ஆர்க்கிட் தோட்டம் வைத்திருந்தார். சிங்கப்பூரில் அப்போது ஆர்க்கிட் பைத்தியம் பிடித்த காலம். இந்தப் பூவையும் அந்தப் பூவையும் சேர்த்துப் புதுப் பூ உண்டாக்கி, அதற்குத் தன் பெண்டாட்டி பேரையோ மாமியார் பேரையோ வைக்காத பணக்காரர் கிடையாது. முத்தாயி முதலில் தண்ணீர் ஊற்றத்தான் போனாள். கை நடுங்காதவள் என்று கண்டதும் மிசஸ் டான் பல்குத்தும் குச்சியை அவள் கையில் கொடுத்துவிட்டார். ஆர்க்கிட் பூவின் மகரந்தம் தூளாக இருக்காது. உருண்டைக் கட்டியாக, மேலே ஒரு மூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். குச்சி முனையால் மூடியைத் தள்ளி, கட்டியை ஒட்டி எடுத்து, இன்னொரு பூவின் நடுவில் இருக்கும் பசைக் குழியில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் கல்யாணம். பூ எத்தனையோ நாள் விரிந்தபடியே காத்துக்கொண்டிருக்கும், அவசரமே இல்லை. முத்தாயி கை வைத்தால் காய் பிடிக்கும் என்று தோட்டத்தில் பேராகிவிட்டது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் கீழ்ப்பாத்தியில் சாவு விழுந்தது. சாவு என்று சொல்வதுதான் சரி. காலையில் செடி தளதளவென்று நின்றது, உச்சி வெயிலில் தலையைத் தொங்கப் போட்டது, மறுநாளும் எழுந்திருக்கவில்லை. இலை மஞ்சளாகக்கூட ஆகாமல் பச்சையாகவே செத்தது. மாணிக்கம் தண்ணீர் குறைவென்று நினைத்து ஊற்றினான். ஊற்ற ஊற்ற அடுத்த வரிசைக்கும் பரவியது. விவசாய இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வாடிய தண்டை அறுத்து ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டார். தண்டிலிருந்து பால்போல ஒரு நூல் தண்ணீருக்குள் இறங்கியது.

"இது மண்ணுலயே இருக்குற கிருமி. மருந்து கெடையாது. இங்க கத்தரி, தக்காளி, மிளகாய் எதையும் போடாதீங்க," என்றார். நல்ல மனிதர், சொன்னதும் உண்மை. உண்மை சில நேரம் சாப்பிடக் கொடுக்காது, அவ்வளவுதான்.

அடுத்த போகம் மேல்பாத்தியிலும் அதே கதை. தவுக்கே வந்து பார்த்தார், பொறுத்துப் பார்த்தார், பிறகு மேல்நிலத்தை எடுத்து மீன்குளம் வெட்டிவிட்டார். கீழ்நிலம் மிஞ்சியது. கங்கோங் கீரையும் பயற்றங்காயும் போட்டு மாணிக்கம் ஓட்டினான். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கணக்கு. வீட்டு வாசலில் நின்றால், நேற்றுவரை தங்கள் கத்தரி நின்ற இடத்தில் மீன் துள்ளும் சத்தம் கேட்கும். கீழ்நிலமும் குளமானால் குளக்கரையில் அத்தாப்பு வீடு எதற்கு என்று தவுக்கே கேட்கத்தான் செய்வார். அந்த மீன் சத்தம் கேட்டாலே முத்தாயி கதவைச் சாத்திக்கொள்வாள்.

மண்டாயிலிருந்து திரும்பும்போது அவள் ரயில் கரையோரமாகக் குறுக்கே நடந்து வருவது வழக்கம். கீழ்ப்பாத்தியின் தண்ணீர் வடிந்து போய்ச் சேரும் பள்ளம் அங்கேதான் இருந்தது. செத்த செடிகளை மாணிக்கம் பிடுங்கி எறிந்ததும் அந்தப் பள்ளத்தில்தான். அதே சேற்றில் வேரை வைத்துக்கொண்டு ஒரு முள்ளுக்கத்தரிப் புதர், மாமியார் வீட்டுக்கு வந்த மருமகனைப்போல, சொகுசாக நின்றது. தண்டெல்லாம் முள், இலையெல்லாம் முள், காய் கோலிக்குண்டு அளவு. ஆனால் பூவைப் பார்த்தால் வீட்டுக் கத்தரியின் பூவேதான்: அதே ஊதா, நடுவில் அதே மஞ்சள்.

முத்தாயி சந்தேகப் பிராணி. ஒரு கன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து செத்த பாத்தியின் நட்டநடுவில் நட்டாள். மாணிக்கம் அந்தப் பாத்திக்குச் சுடுகாடு என்று பேர் வைத்திருந்தான். மழை வந்தது, வெயில் வந்தது, சுடுகாட்டில் முள்ளுக்கத்தரி பூத்தது.

"என்னங்க, இது நம்ம கத்தரிக்கு மாமன் மகன் முறை வரும்போல. கட்டி வச்சா என்ன?"

"வேலில போற ஓணான எடுத்து மடில விட்டுக்கிட்டு, அப்புறம் குத்துது கொடையுதுன்னு அழுவாதே," என்றான் மாணிக்கம்.

அவனுக்குத் தெரியாது, ஆர்க்கிட் தோட்டத்தில் இதைவிடக் கோணலான சம்பந்தங்களையெல்லாம் அவள் முடித்து வைத்திருக்கிறாள். நடந்து போகச் சோம்பல்பட்டு இன்னொரு கன்றை மண்ணெண்ணெய் டின்னில் நட்டு வாசலில் வைத்தாள். அதற்கும் ஒரு சண்டை.

"வாசல்ல முள்ளுச் செடி வச்சா வீட்ல சண்டை வரும் புள்ள."

"அதான் வந்துருச்சே. இனிமே வச்சா என்ன, வைக்காட்டி என்ன?"

மறுநாள் டின்னைக் காணோம். கேட்டதற்கு, "தூக்கிப் போட்டுட்டேன்லா. கரை ஓரத்துல வேணுங்குற மட்டும் கெடக்குல்ல?" என்றான். கிடந்ததுதான். முத்தாயி விட்டுவிட்டாள்.

கீற்றுக் கத்தரி ஒன்றிரண்டைச் சுடுகாட்டுக்குத் தொலைவில், வீட்டுப் பின்பக்கம் டின்களில் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவை பூத்ததும் முத்தாயி பல்குத்தும் குச்சியோடு இறங்கினாள். அழகாக விரிந்த பூவாகப் பார்த்து, முள்ளுக்கத்தரியின் மஞ்சள் தூளை அதில் தடவி, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டினாள். அக்கம்பக்கத்தார் அதைத் திருஷ்டிக் கயிறு என்று நினைத்துத் தங்கள் பப்பாளிக்கும் கட்டிக்கொண்டார்கள். காய் பிடித்தது, பழுத்தது, விதை எடுத்தாள், நாற்று முளைத்தது. நாற்றில் ஒரு முள்கூட இல்லை. இலை மழமழவென்று அப்பன் பேர் தெரியாத பிள்ளைபோல அம்மாவையே உரித்து வைத்திருந்தது.

முத்தாயிக்குத் தலைகால் புரியவில்லை. முதல் தடவையிலேயே முள் போய்விட்டது, இனி முள்ளுக்கத்தரியின் தைரியம் மட்டும் தங்கியிருந்தால் போதும். மாணிக்கத்திடம் சொன்னாள், மிசஸ் டானிடம் சொன்னாள். தேக்காவில் கதீஜாவிடமும் சொன்னாள். கதீஜா டன்லப் ஸ்ட்ரீட் பக்கம் கல்யாண வீடுகளுக்கு நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஆக்கிக் கொடுப்பவர். தாளிச்சாவுக்கு மாணிக்கத்தின் கத்தரியைத் தவிர வேறெதையும் தொடாமல் இருந்தவர். மூத்தவர் என்பதால் அவர்கள் வீட்டு வழக்கப்படியே முத்தாயியும் அவரை ராத்தா என்பாள்.

"இந்தப் பெருநாளைக்கு ஒங்களுக்குக் கூடை நெறையக் கொண்டாறேன் ராத்தா!"

"மொதல்ல கொண்டா, அப்புறம் பேசு," என்றார் கதீஜா.

நாற்றையெல்லாம் சுடுகாட்டில் நட்டாள். முதல் இடிமழை கொட்டியது. அடுத்து வந்த வெயிலில் ஒன்றுவிடாமல் தலையைப் போட்டன. பெரிய வாய் பேசியவள் அந்த வாரம் முழுக்கத் தேக்காவுக்கே போகவில்லை.

அவள் செய்தது ஆர்க்கிட்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அதை அவளுக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு மறதி. பின்பக்கத்துச் செடியில் நாளைக்கு விரியப்போகும் மொட்டு ஒன்றுக்கு, வண்டு வராமல் இருக்கட்டும் என்று காகிதப் பை கட்டியிருந்தாள்; துக்கத்தில் அதை மறந்தே போனாள். பிறகு ஒருநாள் பையைப் பிரித்தால் உள்ளே ஒரு காய் உட்கார்ந்திருந்தது. குச்சி தொடவில்லை, வண்டு தொடவில்லை, காய் மட்டும் எப்படி வந்தது? முத்தாயி செடியடியிலேயே குந்திவிட்டாள். ஆர்க்கிட் மாதிரி காத்துக்கொண்டிருக்கிற பூ இல்லை இது. விரியும்போதே தன் தூளைத் தானே தன்மேல் கொட்டிக்கொள்கிற பூ. அவள் சிவப்பு நூல் கட்டியதெல்லாம் முடிந்துபோன காரியத்துக்கு.

"என்னங்க," என்று சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் கூப்பிட்டாள். "பொண்ணு வீட்டுக்குள்ளயே கல்யாணம் முடிஞ்சுபோச்சுங்க. நான் மாப்பிள்ளைய இழுத்துக்கிட்டு வாசல்ல நின்னிருக்கேன்!"

மாணிக்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டியவளுக்கு விளங்கிவிட்டது. மொட்டாக இருக்கும்போதே பிரித்து, உள்ளே தூளைச் சுமந்திருக்கும் மஞ்சள் துணுக்குகளை ஒன்றுவிடாமல் பிடுங்கிவிட்டுப் பை கட்ட வேண்டும். மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் தூளைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அன்று சாயங்காலமே சிறு இடுக்கியால் பல மொட்டுகளைப் பிரித்துத் தயார் செய்துவிட்டு, விடிந்ததும் தூள் எடுக்க ரயில் கரைக்கு ஓடினாள்.

நாற்று செத்ததிலிருந்து அவள் இந்தக் குறுக்குவழியை விட்டுப் பஸ்ஸில்தான் போய்வந்தாள்; கரை இப்போது கறுப்பாகக் கிடந்தது. காய்ந்த லாலாங் புல்லில் தீப்பிடித்துப் புதரெல்லாம் கரிந்திருந்தது. மிச்ச இடத்தில் லாரி லாரியாகச் செம்மண் கொட்டிக் கரையை உயர்த்தியிருந்தார்கள். சுடுகாட்டில் நட்டிருந்த முள்ளுக்கத்தரியை, அதன் வேலை முடிந்ததென்று, நாற்று நடும்போது அவளே பிடுங்கி எறிந்திருந்தாள். பள்ளம் முழுக்கத் தேடினாள். வேலியோரம், கோழிக் கொட்டகைப் பின்புறம், பக்கத்துக் கம்பத்துக் குப்பைமேடு எல்லாம் பார்த்தாள். சுண்டைக்காய்ச் செடிகள் இருந்தன. அவற்றின் பூ வெள்ளை, கத்தரியோடு உறவு கொண்டாட வராது. கால் முழுக்கக் கரியோடு வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வைத்துக்கொள்ளத் தெரியாமல் தொலைத்தது அவள்தான். அது தெரிந்ததால் அழுகை இன்னும் அதிகமானது.

மாணிக்கம் கொஞ்ச நேரம் தூணைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு குளிக்கிற மறைப்புக்குப் பின்னால் போனான். வரும்போது இரண்டு கையிலும் ஒரு மண்ணெண்ணெய் டின். டின்னில் முள்ளுக்கத்தரி, இடுப்புயரத்துக்கு, பூவும் பிஞ்சுமாக.

"தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னீங்க?"

"போடத்தான் போனேன். பூ விட்டு நின்னுச்சு. பூ விட்ட செடிய எவன் புடுங்குவான்?" என்றான். "குளிக்கிற தண்ணி அதுமேல விழுந்துச்சு. அது பாட்டுக்கு வளந்துருச்சு. வாசல்ல வைக்கலல்ல, சண்டை வராது."

மாணிக்கம் பொய் சொன்னதற்காக அவள் அவனைக் கும்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

இந்த முறை நாற்று முளைத்தபோது அவள் இலையைத் தடவிப் பார்த்தாள். விரலில் சுருக்கென்று குத்தியது. "குத்திருச்சு! குத்திருச்சு!" என்று அவள் போட்ட கூச்சலில் பாம்போ தேளோ என்று மாணிக்கம் மண்வெட்டியோடு ஓடிவந்தான். முள் இருந்தால்தானே மாப்பிள்ளையின் பிள்ளை. அந்த முள் குத்திய விரலை அவள் அன்று முழுக்க எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

பிள்ளைகள் சுடுகாட்டில் நின்றன. மழைக்கு நின்றன, வெயிலுக்கு நின்றன. ஆனால் காய் சின்னது, முள் பெரிது, கசப்போ கேட்க வேண்டாம். கதீஜா ஒன்றை வேகவைத்து நாக்கில் வைத்துவிட்டு முந்தானையில் துப்பினார்.

"யா அல்லா! வேப்பங்காய்க்கு ஊதாச் சாயம் அடிச்சுக் கொண்டாந்தியா?"

"செடி சாவல ராத்தா."

"இந்தக் கசப்புக்கு எமனே வாய வைக்க மாட்டான், எப்படிச் சாவும்? தங்கச்சி, உசுரோட நிக்கிறது போதாது. உள்ள எறங்கணும்."

கோபம் வந்தது, ஆனால் கதீஜா சொன்னது நியாயம். ஆர்க்கிட்டில் முதல் பிள்ளையே அழகி, அதோடு கதை முடிந்தது. கத்தரியில் இப்போதுதான் கதையே ஆரம்பிக்கிறது. முள் பிள்ளையின் பூவை மறுபடி கீற்றுக் கத்தரியோடு சேர்த்தாள். அதில் வந்த பேரப் பிள்ளைகள் பலவிதம்: முள்ளோடு இனிப்பு, முள்ளில்லாமல் கசப்பு, இரண்டும் சரியாக இருந்து சுடுகாட்டில் செத்தது. பிழைத்ததில் நல்லதைப் பொறுக்கி மறுபடி கீற்றுக் கத்தரிக்கே கொடுத்தாள். ஒவ்வொரு தலைமுறையையும் தயவு பார்க்காமல் சுடுகாட்டில்தான் நட்டாள்.

"பெத்த புள்ளைங்களக் கொண்டுபோயிக் கெணத்துல தள்ளுறியே," என்று மாணிக்கம் நொந்துகொள்வான்.

"நீந்துறது மேல வரட்டும். மத்தது நமக்கு எதுக்கு?" என்பாள்.

எந்தச் செடி கசக்கும் என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு செடியிலும் ஒரு காயை அறுத்துப் பச்சையாக நாக்கில் வைத்துத் துப்புவாள். அந்த நாட்களில் அவள் வைத்த குழம்புக்கு உப்புப் பார்த்தது மாணிக்கம்தான். அவள் நாக்கு செத்துப் போயிருந்தது. பல்குத்தும் குச்சியைத் தன் கையில் கொடுத்த மிசஸ் டானிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னபோது, அவர் மலாயில், "ஆர்க்கிட்டுக்குப் பரிசு தருகிறார்கள், கத்தரிக்காய்க்கு யார் தருவார்?" என்று சிரித்தார். கேலிதான், ஆனால் அடுத்த நாள் ஒரு புது இடுக்கியும் ஒரு கட்டுக் காகிதப் பையும் கொண்டுவந்து கொடுத்தார்.

அறுபத்தொன்றின் நடுவில் ஒரு செடி கிடைத்தது. முள் இல்லை. கீற்று ஓடிய காய். சுடுகாட்டில் நிமிர்ந்து நின்றது. காயைக் கடித்தாள், கசக்கவில்லை. தன் செத்த நாக்கை நம்பாமல் அவித்தெடுத்துக்கொண்டு கதீஜாவிடம் ஓடினாள். கதீஜா மென்றார், கண்ணை மூடினார்.

"இன்னொன்னு இருக்கா?" என்றார் கதீஜா.

விதை எடுத்து நாற்றுவிட்ட வேளையில் தவுக்கே வந்தார், தோளில் ஒரு கட்டு முளைக்குச்சியோடு. கீழ்நிலத்தின் நாலு பக்கமும் வரிசையாகக் குச்சிகளை அடித்துக் கயிறு கட்டினார். சீனப் புத்தாண்டு முடிந்ததும் குளம் வெட்ட ஆள் வருகிறது என்றார். இத்தனை வருஷம் பொறுத்ததே பெரிது என்பதும் அவருக்குத் தெரியும், இவர்களுக்கும் தெரியும்.

மாணிக்கம் தலைகுனிந்து நின்றான். முத்தாயிதான் முன்னால் வந்தாள். "தவுக்கே, இந்த நிலம் முழுக்கக் கத்தரி போடறோம். ஒங்க புத்தாண்டு அன்னிக்கு வந்து பாருங்க. படுத்துருந்தா வெட்டிக்கோங்க, வீட்டையும் எடுத்துக்கோங்க. நின்னுருந்தா குச்சியப் புடுங்கிறணும்," என்று உடைந்த மலாயில் சொன்னாள்.

தவுக்கே கயிற்றையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "நிற்கட்டும், பார்க்கலாம்," என்று போய்விட்டார்.

கீழ்நிலம் முழுவதும் நட்டார்கள். கங்கோங்கையும் அழித்துவிட்டுத்தான் நட்டார்கள். பின்வாங்க ஓர் அடி இடம் வைக்கவில்லை. பருவமழை டிசம்பரில் பிடித்துக்கொண்டது. பாத்திக்கும் மீன்குளத்துக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குப் பெய்தது. செடி தண்ணீரில் நின்றது. அது பயமில்லை, மழைக்குப் பின்னால் வருகிற வெயில்தான் எமன். ஜனவரிக் கடைசியில் அந்த வெயில் வந்தது, சுள்ளென்று, நாளுக்கு நாள் ஏறிக்கொண்டு. முதல் நாள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தலைகள் சாய்ந்தன. முத்தாயிக்கு அதற்குமேல் பார்க்கத் தைரியமில்லை.

"நான் மண்டாய்க்குப் போறேன். இங்க நின்னா எனக்குப் பைத்தியம் புடிச்சுரும். நீங்க பாத்துக்கோங்க," என்று போய்விட்டாள். அன்று ஆர்க்கிட் தோட்டத்தில் அவள் முதல்முறையாக மகரந்தக் கட்டியைக் கீழே தவறவிட்டாள்.

சாயங்காலம் பஸ் புக்கிட் பாஞ்சாங்கில் நின்றபோது மாணிக்கம் சாலையோரம் நின்றுகொண்டிருந்தான். ஒருநாளும் அவன் பஸ்ஸுக்கு வந்து காத்திருந்ததில்லை. வேட்டி முழுக்கச் சேறு, முகமெல்லாம் வேர்வை. முத்தாயி பஸ் படியிலிருந்து குதித்தாள். முடிந்தது, எல்லாம் படுத்துவிட்டது, வீட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அந்த ஒரு நொடியில் நினைத்துவிட்டாள்.

"என்னங்க?"

"குச்சி பத்தல புள்ள," என்றான் மாணிக்கம்.

"என்ன குச்சி?"

"முட்டுக் குடுக்கத்தான்! காய் கனம் தாங்காம கெளையெல்லாம் ஒடியப் பாக்குது. வீட்ல இருந்த மூங்கில், தொடப்பக் கட்டை, ஒன் கொடை வரைக்கும் ஊனிட்டேன். பத்தல. ஓடியா!"

ஓடினார்கள். கீழ்நிலம் நின்றுகொண்டிருந்தது. சாய்ந்த அந்தச் சில செடிகளைத் தவிர அத்தனையும், அத்தனை சேற்றிலும், இலை விரித்து நின்றது. கொத்துக் கொத்தாக ஊதாவும் வெள்ளையும் தொங்கியது. முத்தாயி பாத்திக்குள் இறங்கி ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது, அழுகையெல்லாம் முன்பே தீர்ந்திருந்தது. நிலத்தின் ஓரத்துக்கு வந்தவள் நின்றாள். தவுக்கேயின் முளைக்குச்சிகள் கயிறோடு வரிசையாக நின்றன, நல்ல வைரம் பாய்ந்த குச்சிகள்.

"இதோ இருக்கே குச்சி," என்றாள்.

"அய்யய்யோ, அது தவுக்கே அடிச்சது!"

"அவருதானே நட்டாரு, நமக்காகத்தான் நட்டுருக்காருன்னு வச்சுக்குவோம்," என்று முதல் குச்சியை அவளே ஆட்டிப் பிடுங்கினாள்.

புத்தாண்டு அன்று தவுக்கே புதுச் சட்டையோடு வந்தார். எல்லையில் கயிற்றைத் தேடினார், குச்சியைத் தேடினார். நிலத்தின் நடுவில், தன் குச்சி ஒவ்வொன்றிலும் ஒரு கத்தரிக் கிளை சாய்ந்து இளைப்பாறுவதைப் பார்த்தார்.  தவுக்கே குனிந்து ஒரு காயைத் திருகி, சட்டையில் துடைத்து முகர்ந்து பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். போகும்போது ஒரு கூடை காயும், சுவா சூ காங்கில் தோட்டம் வைத்திருக்கும் தன் தம்பிக்கென்று ஒரு தட்டு நாற்றும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். குளத்தைப் பற்றிய பேச்சே அதற்குப்பின் எழவில்லை.

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்? வந்தது. கதீஜா அந்த வருஷத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் அதில்தான் தாளிச்சா ஆக்கினார், "நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்று வேறு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். கத்தரி வாடிச் செத்த தோட்டம் வைத்திருந்த சீனர்களும் தமிழர்களும் நாற்றுக்கு வந்து நின்றார்கள். முன்பு வந்த விவசாய இலாகா அதிகாரியும் வந்தார், சுடுகாட்டைச் சுற்றிப் பார்த்தார், முத்தாயியின் கையைப் பிடித்துக் குலுக்கினார், தன் வீட்டுக்கும் ஒரு கூடை வாங்கிக்கொண்டார்.

எல்லாம் ஆனபின் ஒருநாள் மாணிக்கம், "இனிமே அந்த முள்ளுச் செடி எதுக்கு? கைய காலக் கிழிக்குது," என்றான்.

"இன்னொரு நாளைக்கு வேற சீக்கு வந்தா யார்கிட்ட போயிக் கேப்பீங்க? கரையில இருந்தது போச்சு. அது ஒண்ணுதான் மிச்சம்."

 அந்தச் செடி முற்றிக் காய்த்தபோதெல்லாம் முத்தாயி விதையைக் காயவைத்து, சாம்பல் கலந்து, ஹார்லிக்ஸ் போத்தலில் அடைத்து வைத்தாள். அந்த டின் இப்போது குளிக்கிற மறைப்புக்குப் பின்னால் இல்லை. வாசற்படிக்கு வலப்பக்கம், கோலம் போடும் இடத்தை ஒட்டி இருக்கிறது. கிளை பரந்து, போவோர் வருவோர் சேலையையெல்லாம் பிடித்து இழுக்கிறது. விசேஷ நாளில் வருகிறவர்கள், "வாசலில் முள்ளா?" என்று கேட்டால் மாணிக்கமே முந்திக்கொண்டு, "அது எங்க வீட்டு மாப்பிள்ளைலா, அங்கதான் நிப்பாரு," என்கிறான். தவுக்கேயின் குச்சிகளில் கடைசியாக மிஞ்சிய ஒன்றை, இருப்பதிலேயே உறுதியானதை, அதற்குத்தான் அவன் ஊன்றியிருக்கிறான்.